இடது கைக்கு ஒரு மடக்குக் கத்தி

அத்தியாயம் 19

“கத்தி பார்க்கத்தானே போறோம், மந்திரியைப் பார்க்கவா போறோம்? இதுவே போதும்.”

“நல்ல சட்டையா ஒண்ணு போட்டுக்கோங்க. பொத்தான் போட்டுவிட நான் இல்லையா?”

சொல்லி முடித்த பிறகுதான் கண்ணாடியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் புருஷன் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, பொத்தானே இல்லாத ஒரு டி-ஷர்ட்டை இடது கையால் உருவி எடுத்தார். தலையை உள்ளே விட்டவர், வெகுநேரம் வெளியே வராமல் துணிக்குள்ளேயே முண்டிக்கொண்டிருந்தார். உதவப் போனால் கோபம் வரும். போகாமல் நிற்கவும் முடியவில்லை. அவள் போர்வையை மடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு நின்றாள். ஏற்கெனவே மடித்து வைத்த போர்வை.

அவர் ஒட்டுக்காரர். செடி விற்கிற பண்ணையில் ஒட்டுக்கட்டுகிற வேலை. காட்டுச் செடியின் தண்டைச் சீவி, நல்ல சாதிக் கிளையை அதில் பொருத்தி, நாடா சுற்றிவிட்டால் கொஞ்ச நாளில் இரண்டும் ஒரே செடியாகிவிடும். அவர் கட்டினது பட்டுப்போச்சு என்று பண்ணையில் ஒரு பேச்சு வந்ததில்லை. அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அதனால் தெருவுக்கே கண்ணாடியம்மா. ஒரே மகளைப் பாப்பா என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார்கள். பாப்பா வேறு ஊரில் ஒரு முடி வெட்டும் கடையில் வேலை செய்கிறாள். அடுத்த மாதம் சொந்தமாகக் கடை திறக்கப் போகிறாள்.

போன வாரம்வரை கூடவே நடந்து வந்தவர்களுக்கு மீதி தெரியும். இன்றைக்குத்தான் வந்து சேருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒட்டுக்காரரின் வலது கை கொஞ்ச காலமாகச் சொன்ன பேச்சு கேட்பதில்லை. டம்ளர் நழுவியது, பேனா நழுவியது, கடைசியில் கத்தியும் நழுவியது. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு டாக்டர் கண்ணாடியம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: வலது கை திரும்பாது. நரம்பு பட்டுக்கொண்டே வருகிறது. இடது கையும் போகும், பிறகு காலும். இதற்கு மருந்து இல்லை.

அவள் எழுந்து கதவருகே வந்த பிறகு இன்னொன்றும் சொன்னார்.

“அவங்க அம்மாவுக்கும் கடைசிக் காலத்துல கை இப்படித்தான் தொங்கிப் போச்சுன்னு சொன்னீங்களேம்மா. அப்படின்னா இது குடும்பத்துல வர்ற வகையா இருக்கலாம். உங்க பொண்ணையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க.”

இரண்டையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம், “நரம்புத் தளர்ச்சியாம், சரியாக நாலஞ்சு மாசம் ஆகுமாம்” என்றாள். தம்பியிடமும் அதே பல்லவி. மகளிடம் ‘கையில கொஞ்சம் வலி’ என்பதோடு சரி.

வாசலில் ஹாரன் அடித்தது. ஒரு தடவை அடித்தால் போதாது என்று நினைக்கிற ஹாரன்.

“மாமா! புது மாப்பிள்ளை ரெடியா?”

அவள் தம்பி. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன் டிரைவர். எந்தக் கஷ்டமும் ஒரு டீ குடித்தால் பாதியாகிவிடும் என்று நம்புகிற ஆள். கத்தி யோசனையும் அவனுடையதுதான். பண்ணையில் கத்தியெல்லாம் பொது. காலையில் பெட்டியிலிருந்து எடுத்தால் சாயங்காலம் பெட்டியில் போட்டுவிட வேண்டும். எவன் கையிலோ தேய்ந்த பிடி, எவனோ தப்பாகத் தீட்டி வைத்த அலகு. “எனக்குன்னு ஒரு மடக்குக் கத்தி, என் கைக்குன்னே செஞ்சது” என்று கல்யாணமான நாளிலிருந்து ஒட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு செலவு முந்திக்கொள்ளும், கத்தி பின்னால் போய்விடும்.

“வலது கை நாலு மாசம் லீவு போட்டா போடட்டும் மாமா” என்று தம்பிதான் ஆரம்பித்தான். “இடது கை சும்மாதானே இருக்கு? ஒரே கையால திறந்து ஒரே கையால மூடற மாதிரி, இடது கைக்குன்னே ஒரு கத்தி செய்யச் சொல்லுவோம். என் செலவு.” சொன்னதோடு நிற்கவில்லை. பண்ணை முதலாளியிடமும் போய் நின்று, கத்தி வருகிறவரை மாமாவின் வேலையை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று வாக்கு வாங்கி வந்துவிட்டான்.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

வேனில் குழந்தைகள் ஒட்டிவிட்டுப் போன மிட்டாய்க் காகிதங்களைத் தட்டிவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சீட் பெல்ட்டை அவள் மாட்டிவிடப் போனாள். அவர் முந்திக்கொண்டு இடது கையால் இழுத்தார். கொக்கி இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை தம்பி ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் பாதையைப் பார்த்தான். நல்ல பிள்ளைதான். பார்க்கக் கூடாத நேரத்தில் பார்க்காமல் இருக்கத் தெரிந்தவன்.

*

கத்திக்காரரின் பட்டறை ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படி ஏறும்போதே ரப்பர் வாசனை போய், எண்ணெயும் மரத்தூளும் கலந்த வாசனை வந்தது. ஜன்னல் ஓரமாக நீள மேஜை, அதில் சின்னச் சின்ன அரங்கள், ஒரு தீட்டுச் சக்கரம், ஒரு பாத்திரத்தில் வெந்நீர்.

கத்திக்காரர் ஒரு காலத்தில் பல்செட் செய்துகொண்டிருந்தவர். பெயர் அப்படியே நின்றுவிட்டது, எல்லாருக்கும் அவர் பல்செட்டுக்காரர்தான். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் கிடையாது.

“ரெண்டும் ஒரே தொழில்தாங்க. வாய்க்குப் பொருந்தலைன்னா பல்செட்டைக் கழட்டி டம்ளர்ல போட்டுடுவாங்க. கைக்குப் பொருந்தலைன்னா கத்தியை டிராயர்ல போட்டுடுவாங்க. நான் டிராயருக்குக் கத்தி செய்யறதில்ல. உட்காருங்க. யாருக்கு?”

“எனக்கு” என்றார் ஒட்டுக்காரர்.

அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன விதத்தைக் கேட்டுக் கண்ணாடியம்மா திரும்பிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு ஒரு வேட்டி, மகள் பிறந்தபோது ஒரு செருப்பு என்று, எப்போதும் அடுத்தவர் சாக்கில் எதையாவது வாங்கிக்கொண்ட மனுஷன்.

“முதல் கத்தியா?”

“சொந்தமா, ஆமா. முதல்.”

பல்செட்டுக்காரர் ஒரு தட்டு நிறைய மடக்குக் கத்திகளைக் கொண்டுவந்து வைத்தார். இவை விற்பதற்கு அல்ல, தொட்டுப் பார்ப்பதற்கு. பிடி மரத்தில் ஒன்று, கொம்பில் ஒன்று, கறுப்புத் தகட்டில் ஒன்று. சிலவற்றில் அலகின் முதுகில் நகம் போட்டு இழுக்கிற பள்ளம் இருந்தது. சிலவற்றில் கட்டைவிரலால் தள்ளித் திறக்க ஒரு சின்னக் குமிழ்.

“எதை வெட்டப் போறீங்க? அதைச் சொன்னாத்தான் அலகு முடிவாகும்.”

“ஒட்டு.”

“ஓ, அப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்.”

ஒட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேசத் தொடங்கினார். எத்தனையோ வாரமாக ‘ம்’, ‘இல்ல’, ‘பார்க்கலாம்’ என்று மூன்று வார்த்தையில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தவர் இப்போது மடை திறந்ததுபோல் பேசினார். அலகு இந்த விரல் நீளம் போதும். பெரிய கத்தி வைத்திருக்கிறவன் வேலை தெரியாதவன். விளிம்பு நேராக இருக்கணும், வளையக் கூடாது. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தட்டை. அப்போதுதான் சீவின இடம் கண்ணாடி மாதிரி மட்டமாக வரும், கிளையும் தண்டும் நடுவில் காற்றுப் போகாமல் ஒட்டிக்கொள்ளும்.

“இவளைக் கேளுங்க” என்று மனைவியைக் காட்டினார். “லென்ஸ் ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்தா தலைவலி வரும்னு சொல்லுவா. எங்க தொழில்ல ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்தா செடியே செத்துடும்.”

“அப்ப வீட்டுல ரெண்டு பேரும் மயிரைப் பிளக்கறவங்கதான்” என்றான் தம்பி. “பொண்ணு வேற முடி வெட்டறா. குடும்பமே அதே தொழில்.”

ஒட்டுக்காரர் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணாடியம்மாவும் சிரித்துவிட்டாள். ஒரு நிமிஷம் அவளுக்கே தோன்றியது: டாக்டர் தப்பாகச் சொல்லியிருந்தால்? மனுஷர்தானே, தப்பு வராதா? கத்தி வந்து, இவர் இடது கையால் பழகி, பண்ணைக்குப் போய்…

“சரி. முக்கியமான கேள்வி” என்றார் பல்செட்டுக்காரர். “வலதா, இடதா? ஒட்டுக் கத்தியில சரிவு ஒரு பக்கம்தான். கை மாறினா பக்கம் மாறும். செஞ்ச பிறகு மாத்த முடியாது.”

“இடது” என்றான் தம்பி, மாமாவை முந்திக்கொண்டு.

“இடது” என்றார் ஒட்டுக்காரரும்.

பல்செட்டுக்காரர் வெந்நீர்ப் பாத்திரத்திலிருந்து ரோஜா நிறத்தில் ஒரு மெழுகுக் கட்டியை இடுக்கியால் எடுத்தார். பல் அளவு எடுக்கிற மெழுகு. துணியில் ஒற்றி, உருட்டி, ஒரு மரச்சட்டத்தின் மேல் அப்பி, கத்திப் பிடிபோல நீளமாக்கினார்.

“இதைக் கத்தியா நினைச்சுக்கோங்க. வெட்டறப்போ எப்படிப் பிடிப்பீங்களோ அப்படிப் பிடிச்சு நல்லா அழுத்துங்க. அஞ்சு விரலும் பதியணும். அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் பிடியைச் செதுக்குவேன்.”

ஒட்டுக்காரர் இடது கையை நீட்டினார். மெழுகைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் நரம்பு புடைத்தது. தோள் மேலே ஏறியது. டயர் கடையில் யாரோ சுத்தியலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அழுத்துங்க சார். கூச்சப்படாதீங்க, மெழுகுக்கு வலிக்காது.”

“அழுத்திட்டேன்” என்றார் ஒட்டுக்காரர்.

பல்செட்டுக்காரர் மெழுகை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரல் பதிந்திருந்தது. ஆள்காட்டி விரல் லேசாகப் பதிந்திருந்தது. நடுவிரல் இருந்த இடத்தில் ஒரு பளபளப்பு மட்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மெழுகு வைத்தது வைத்தபடி வழவழவென்று இருந்தது.



கண்ணாடியம்மா அந்த வழவழப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையும் போகும் என்றுதான் டாக்டர் சொன்னார். எப்போது என்று அவள் கேட்கவில்லை. ஏதோ ஒரு எதிர்காலத்தில் என்று தானாகவே வைத்துக்கொண்டாள். அது ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. டி-ஷர்ட்டுக்குள் முண்டியபோதும், கொக்கி தவறியபோதும் வந்துதான் இருந்தது.

“மெழுகு ஆறிப்போச்சோ என்னவோ” என்றார் பல்செட்டுக்காரர். “இன்னொரு தடவை சூடு பண்ணி…”

“ஆறல” என்றார் ஒட்டுக்காரர்.

தம்பி எழுந்தான். “ஒரு டீ சொல்லிட்டு வந்துடறேன்” என்று யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனான். அவன் குரலைக் கேட்டதும் அவளும் பின்னாலேயே போனாள்.

*

அவன் டீ சொல்லப் போகவில்லை. படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தான்.

“நரம்புத் தளர்ச்சின்னு சொன்ன.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லுக்கா. நாலு மாசம், அஞ்சு மாசம், சரியாயிடும்னு சொன்ன. இடது கைக்கு என்ன வந்துச்சு? இடது கையைப் பத்தி டாக்டர் என்ன சொன்னாரு?”

“போயிடும்னாரு.”

“போயிடும்னா?”

“ரெண்டு கையும். அப்புறம் கால். அப்புறம்… மருந்து இல்லையாம்டா.”

அவன் தன் செருப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

“நான் என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுமா?” என்றான். “விளக்கெண்ணெய் மாதிரி அந்த ஆளை இழுத்துட்டு வந்து, நாலு பேர் முன்னாடி மெழுகைக் கொடுத்து, அழுத்து அழுத்துன்னு… ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? நான் உனக்கு யாரு? பக்கத்து வீட்டுக்காரனா?”

“சொன்னா உன் முகத்துல தெரிஞ்சுடும். உன் முகத்துல தெரிஞ்சா அவருக்குத் தெரிஞ்சுடும்.”

“பாப்பாவுக்கு?”

“தெரியாது.”

“அவளுக்காவது சொல்லணும்கா. அப்பாவைப் பத்தி மகளுக்குத் தெரியாம…”

“அவகிட்ட வாயைத் திறக்காதே!”

அவள் குரல் படிக்கட்டில் எதிரொலித்தது. கீழே டயர் கடைக்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். தம்பி மிரண்டு போனான். மகளைப் பற்றி டாக்டர் சொன்னதை அவனிடம் இப்போது சொல்லிவிடலாம். பாதிச் சுமையாவது இறங்கும். அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“கடை திறக்கட்டும்டா. அதுவரைக்குமாவது சந்தோஷமா இருக்கட்டும்.”

அவன் முகத்தை முழங்கையில் துடைத்துக்கொண்டு எழுந்தான். “டீ குடிச்சா சரியாயிடும்னு சொல்ற மூஞ்சியை எங்கே போய்த் தேடறது” என்று முனகியபடி அவளுக்கு முன்னால் படி ஏறினான்.

*

அவர்கள் உள்ளே நுழைந்தபோது ஒட்டுக்காரர் பல்செட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். மேஜையில் மெழுகு இல்லை. யார் அதை எடுத்து வைத்தார்களோ.

“சரிவை வலது கைக்கு மாத்திடுங்க. குமிழ் வேண்டாம், நகம் போடற பள்ளமே போதும். ரெண்டு கையும் இருக்கறவங்களுக்கு அதுதான் வசதி. பிடி கொஞ்சம் மெலிசா இருக்கட்டும்.”

“யாருக்கு மாமா?” என்றான் தம்பி. வலுக்கட்டாயமாகக் கொண்டுவந்த உற்சாகம் அவன் குரலில் கரகரத்தது. “உங்களுக்கு இடது கைக்குன்னுதானே…”

“மச்சான், போதும்” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிடுவதுபோல் சொன்னார். “எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?” என்றாள் அவள்.

“டாக்டர் உன்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாரு. நல்ல சேதி சொல்றதுக்கு யாரும்மா தனியா கூப்பிடுவாங்க? நான் வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். நீ கதவைத் திறந்து வந்தப்போ என்னைப் பார்த்துச் சிரிச்ச பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அப்படி ஒரு சிரிப்பை நீ என்னைப் பார்த்து எப்பவும் சிரிச்சதில்ல.”

“அப்புறம் ஏங்க ஒண்ணும் கேக்கல?”

“நீ கஷ்டப்பட்டுக் கட்டி வெச்சிருந்த. அதை ஏன் பிரிக்கணும்னு விட்டுட்டேன். பட்டுப்போற கிளை எதுன்னு எனக்குத் தெரியாதா? பச்சையா இருக்கறப்பவே தெரியும். இந்தக் கை பட்டுப்போச்சு. இதுவும் பட்டுக்கிட்டு இருக்கு.” மடியில் கிடந்த இரண்டு கைகளையும், யாரோ விட்டுவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பல்செட்டுக்காரர் எழுந்து ஜன்னலோரம் போய், அங்கே செய்வதற்கு ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

“அப்ப கத்தி வேண்டாம்” என்றாள் அவள். “கிளம்பலாம் வாங்க.”

“வேணும். இவர்கிட்ட கத்தி கைக்கு வர வருஷக் கடைசி ஆகிடுமாம். முன்னால வந்தவங்க இருக்காங்க. அப்போ நான் எதைப் பிடிக்கப் போறேன்? ஸ்பூனைப் பிடிச்சா பெரிசு. அதனால யோசிச்சேன். கத்தி பாப்பாவுக்கு.”

கண்ணாடியம்மாவுக்கு முதலில் காதில் சரியாக விழாததுபோல் இருந்தது.

“யாருக்கு?”

“பாப்பாவுக்குத்தான். அவ கை அளவுக்குச் செய்யச் சொல்லியிருக்கேன். அவ கை அச்சு அசல் என் கைதான். பிறந்த அன்னிக்கே நர்ஸ் சொன்னாங்களே, ஞாபகம் இல்ல? எங்கம்மா கை எனக்கு வந்துச்சு. என் கை அவளுக்குப் போச்சு. விரல் நுனி, நகம், எல்லாம் அப்படியே.” அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. “முகம் உன் முகம், போனா போகுது. கை எங்க வீட்டுக் கை.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“வேண்டாம்னா வேண்டாம்! அவளுக்கு எதுக்குக் கத்தி? கத்தரிக்கோல் பிடிக்கறவளுக்கு ஒட்டுக் கத்தி எதுக்கு?”

“பார்சல் பிரிப்பா. பழம் நறுக்குவா. ஒண்ணும் இல்லைன்னா பையில போட்டு வெச்சுக்கட்டும்.”

“எனக்குப் பிடிக்கல.”

“அக்கா” என்றான் தம்பி மெதுவாக. “ஆசைப்பட்டுக் கேக்கறாரு.”

“நீ சும்மா இரு!”

ஒட்டுக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் கெஞ்சினார்.

“கொடுக்கறதுக்கு எங்கிட்ட வேற என்னம்மா இருக்கு? கடை திறக்கறா. போய் ஒரு ஆணி அடிச்சுக் கொடுக்க முடியாது. ஒரு நாற்காலி தூக்கிப் போட முடியாது. எனக்குத் தெரிஞ்ச ஒரே சாமான் கத்தி. அதை நான் பார்த்துப் பார்த்துச் சொல்லி, அவ கைக்குன்னு ஒண்ணு… இதுகூடக் கூடாதா?”

என்ன சொல்வது? எந்தக் கையை நீங்கள் அவளுக்குக் கொடுத்தேன் என்று மார்தட்டிக்கொள்கிறீர்களோ, அந்தக் கையைத்தான் டாக்டர் பார்க்க வேண்டும் என்கிறார் என்றா? தனக்கு வந்ததை இவர் எப்படியோ விழுங்கிக்கொண்டுவிட்டார். இதை விழுங்க மாட்டார். இன்றைக்கே முடிந்துபோவார்.

“செய்யச் சொல்லுங்க” என்றாள்.

தம்பி அவள் போனிலிருந்து மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மாமாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். பின்னால் முடி காய வைக்கிற மிஷின் இரைச்சல் கேட்டது.

“அப்பா! கத்தி பிடிச்சுதா?”

“பிடிச்சுது. ஆனா உனக்குத்தான் செய்யச் சொல்லப் போறேன்.”

“எனக்கா? என் கத்தரிக்கோல் கோவிச்சுக்குமேப்பா. சரி, உங்களுக்கு?”

“எனக்குப் பண்ணையில ஒண்ணு இருக்கு. அது போதும்.”

“கை எப்படி இருக்கு?”

“பரவாயில்ல. சும்மா இழுத்துக்கிட்டுக் கிடக்கு. நீ ஒரு நாள் வந்து கை அளவு கொடுத்துட்டுப் போ.”

“ஐயோ, இப்ப எப்படிப்பா? பெயின்ட் அடிக்க ஆள் வந்திருக்கு, கண்ணாடி இன்னும் வரல, வேலை தலைக்கு மேல இருக்கு. போட்டோ எடுத்து அனுப்பினா ஆகாதா?”

ஒட்டுக்காரர் பல்செட்டுக்காரரைப் பார்த்தார். “நேர்ல வந்தா மெழுகுல எடுக்கலாம்” என்றார் அவர். “வர முடியலைன்னா படத்தை வெச்சு ஒப்பேத்திடுவேன். பக்கத்துல ஒரு ஸ்கேலை வெச்சு எடுத்து அனுப்பச் சொல்லுங்க.”

“அப்ப போட்டோவே அனுப்பறேன்பா. வெச்சுடவா? தலையில ஷாம்பூவோட ஒரு ஆள் உட்கார்ந்திருக்காங்க.”

போன் அணைந்தது. ஒட்டுக்காரரின் முகம் கொஞ்சம் வாடியது. அவள் வருவாள் என்று நினைத்திருந்தார். கண்ணாடியம்மாவுக்கு மட்டும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினாற்போல் இருந்தது. வரவில்லை. நல்லது. கடை திறக்கட்டும். அதுவரை யாரும் அவள் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

*

திரும்பும்போது வேனில் ரேடியோ பாடவில்லை. ஒட்டுக்காரர் இந்த முறை சீட் பெல்ட்டை அவளே மாட்டிவிடும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

“பாப்பாகிட்ட இப்ப எதுவும் சொல்ல வேண்டாம்” என்றார். “கடை திறக்கட்டும். ஆனா நமக்குள்ள இனிமே மறைக்கறது வேண்டாம்மா. எனக்கு எல்லாம் தெரியும், உனக்கும் எல்லாம் தெரியும். அதுவே ஒரு நிம்மதி.”

“ம்.”

“வேற ஒண்ணும் சொல்லலையே டாக்டர்?”

“இல்ல” என்றாள்.

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டார். தம்பி கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தான். பிறகு பாதையைப் பார்த்தான்.

ஒரு சிக்னலில் நிற்கும்போது அவள் போன் சத்தம் கொடுத்தது. மகளிடமிருந்து படம். கடையின் மேஜை மேல் விரித்து வைத்த வலது கை, பக்கத்தில் ஒரு ஸ்கேல். விரலில் துளி ஷாம்பூ நுரைகூட இருந்தது. கீழே ஒரு வரி: ‘எங்க வீட்டுக் கை. அளவு போதுமான்னு கேளுங்க.’

அப்பா அடிக்கடி சொல்லும் வார்த்தை மகளுக்கும் பாடமாகியிருந்தது.

கண்ணாடியம்மா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அவருக்கு முதலில் வற்றியது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதைதான். கை மெலிந்துவிட்டது என்று நினைத்து அவள் அப்போது சோறு கூடுதலாகப் போட்டாள். இப்போது அந்த இடத்தைத்தான் பார்த்தாள். அங்கே கறுப்பாக ஏதோ இருந்தது. மேலே எரிந்த விளக்கின் நிழலாக இருக்கலாம். பள்ளமாகவும் இருக்கலாம். இன்னும் பெரிதாக்கினாள். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி வழியாக லென்ஸில் கீறல் தேடுகிற கண். அதற்குக்கூடப் பிடிபடவில்லை. கடைசியில் திரையில் கையே இல்லை, சாம்பல் நிறக் கட்டங்கள்தான் இருந்தன.

“படம் வந்துடுச்சா?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார் ஒட்டுக்காரர்.

“வந்துடுச்சு.”

“பல்செட்டுக்காரருக்கு அனுப்பிடவாக்கா?” என்றான் தம்பி.

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. அவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“வேண்டாம். படம் சரியா இல்ல. அவளை நேர்ல வரச் சொல்லு. இந்த வாரமே.”

“பெயின்ட் வேலை கிடக்குன்னாளே?”

“கிடக்கட்டும். வரச் சொல்லு.”

ஒட்டுக்காரர் கண்ணைத் திறந்து அவள் பக்கம் திரும்பினார். போன் அணைந்ததிலிருந்து அவர் முகத்தில் இல்லாத ஒரு மலர்ச்சி.

“அதானே!” என்றார். “மெழுகுல எடுத்தாத்தான் கைக்குப் பொருந்தும். உனக்கும் இப்பத்தான் ஆசை வந்திருக்கு.”

பாதையெல்லாம் அவர் மகளின் கத்தியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பிடிக்கு எந்த மரம், அலகு எவ்வளவு நீளம் என்று ஒவ்வொன்றாக அவளிடம் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.